ஒரு கிணறும் பல பாடங்களும்

பிள்ளையை ஆறாந் தரத்திற் சேர்த்து முதலாந் தவணை முடிவதற்குள், பெற்றோர் பலர் நம்மிடம் வந்து ஒரே முறைப்பாட்டைக் கூறுகின்றனர். "ஐந்தாந் தரம் மட்டும் நல்லாய்ப் படிச்ச பிள்ளை, சேர். இப்ப பாடத்துக்கு ஒரு கொப்பி, கொப்பிக்கு ஒரு வாத்தியார். எதை எதுக்குப் படிக்கிறமெண்டு பிள்ளைக்கே விளங்கேல்லை. இவ்வளவும் வேணுமோ?" என்பதே அம்முறைப்பாடு. கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூற வேண்டியது ஆசிரியராகிய நமது கடமையுமாகும். இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

ஆரம்பப் பிரிவிலே பிள்ளைக்கு வகுப்பாசிரியர் ஒருவரே பெரும்பாலும் எல்லாவற்றையும் கற்பிக்கிறார். காலையிற் கதை சொன்னவரே நண்பகலிற் கணக்கும் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைக்கு அறிவு முழுவதும் ஒரு முகத்தோடு, ஒரு குரலோடு இணைந்திருக்கிறது. ஆறாந் தரத்தில் இந்நிலை மாறுகிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறது. ஓர் ஆசிரியர் போக இன்னொருவர் வருகிறார். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியற் கல்வி, சுகாதாரமும் உடற்கல்வியும், செயன்முறைத் தொழினுட்பத் திறன், இரண்டாம் மொழியாகிய சிங்களம், சித்திரம் அல்லது சங்கீதம் முதலிய கலைகளுள் ஒன்று எனப் பாடங்கள் விரிகின்றன. தரம் 6 முதல் 9 வரையுள்ள இக்காலத்தைக் கனிட்ட இடைநிலை என்பர். பாடத்திட்டம் காலத்துக்குக் காலம் திருத்தப்படும். பாடங்களின் பெயர்களும் நேரங்களும் மாறும். ஆயினும், பன்னிரண்டு வயதுப் பிள்ளை பல திசைகளிலும் உலகத்தைப் பார்க்கப் பழகவேண்டும் என்ற நோக்கம் மாறியதில்லை.

நம் இல்லங்களிலே நடப்பது என்ன? புலமைப்பரிசிற் பரீட்சை முடிந்த கையோடு க.பொ.த. சாதாரண தரத்தைப் பற்றிய கவலை தொடங்கிவிடுகிறது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் ரியூசன் ஏற்பாடாகிறது. மற்றவை "சும்மா பாடங்கள்" ஆகிவிடுகின்றன. சித்திரக் கொப்பியை விரித்த பிள்ளையிடம், "அதை மூடிவைச்சுக் கணக்கைச் செய்" என்கிறோம். புவியியற் படம் வரைய வர்ணப் பென்சில் கேட்டால், "அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை" என்கிறோம். 1945ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டிற் கல்வி இலவசம். 1980 முதற் பாடநூல்களும் இலவசம். எல்லாப் பாடங்களுக்குமாகப் பொதுப்பணம் செலவிடப்பட, அவற்றுட் பாதியை வீட்டு வாசலிலே நாமே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

இது தவறு என்று வாதிடுவதிலும் பார்க்க, எல்லார்க்கும் தெரிந்த ஒரு பொருளை நடுவில் வைத்து, ஒவ்வொரு பாடமும் அதனைப் பற்றி என்ன சொல்கிறது என்று காட்டுவது நலம். யாழ்ப்பாணத்து வளவுகளிலே கிணறு உண்டு. அதன் கட்டிலே சற்று அமர்வோம்.

முதலில் வருவது புவியியல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையே பெரும்பாலும் நமது ஆண்டு முழுவதற்குமான நீர். அந்நீர் எங்கே தங்குகிறது? நம் காலின் கீழுள்ள சுண்ணாம்புக் கல்லிலே தங்குகிறது. மயோசீன் காலத்திற் கடலடியிற் படிந்த கல் அது. அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் இறங்கி நிறைகிறது. கிணறு வெட்டுதல் என்பது அச்சேமிப்பிற்கு ஒரு வாயில் திறப்பதேயாம்.

அடுத்து விஞ்ஞானம் தன் கேள்வியைக் கேட்கிறது. கல்லில் வெடிப்பும் குகையும் எவ்வாறு தோன்றின? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகிறது. அவ்வமிலம் நீண்ட காலமாகச் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து வழி செய்கிறது. அமிலம், கரைசல் என்று கொப்பியில் எழுதிய சொற்கள் கிணற்றுச் சுவரிலே காட்சி தருகின்றன. வீட்டுக் கேத்திலின் அடியிற் படியும் வெண்மையான படிவும் இக்கதையின் தொடர்ச்சியே. அக்கல்லிற் கரைந்து வந்த கல்சியம், நீர் கொதிக்கும்போது மீண்டும் படிவாக வெளிவருகிறது. கிணற்றின் துலாவோ ஒரு நெம்பு. நடுவிலே தாங்கும் இடம், ஒரு புறத்திலே சுமை, மறுபுறத்திலே எத்தனம். துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்த நம் முன்னோர், தம் உடலின் பாரத்தையே எத்தனமாக்கினர்.

இப்பொழுது கணிதம் வரட்டும். நன்னீரிலும் கடல்நீர் பாரமானது. ஒரு கன மீற்றர் நன்னீர் 1000 கிலோகிராம். அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோகிராம். குடாநாட்டைச் சுற்றிக் கடல். கல்லின் ஊடாகக் கீழேயும் கடல்நீர். அதன்மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு நிற்கும்? இதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளரான கைபென் என்பவரும், 1901இல் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் கணக்கிட்டனர். கணக்கு எளியது. இரண்டின் வித்தியாசம் 25. 1000ஐ 25ஆல் வகுத்தால் 40. ஆகவே கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கடல்மட்டத்தின் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நிற்கும். விகிதம் 1:40. கடல்மட்டத்தைப் பூச்சியமெனக் கொண்டு மேலே நேர், கீழே மறை என்று குறித்தால், பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு படித்த திசைகொண்ட எண்கள் கிணற்றுக்குள்ளே நேராக இறங்கிவிடுகின்றன.

இவ்விகிதத்தின் மறுபக்கத்தையும் பிள்ளை காணவேண்டும். மேலே நீர்மட்டம் ஒரு சாண் தாழ்ந்து அப்படியே நிலைத்துவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ நாற்பது சாண் மேலேறும். நிலத்தின் அமைப்புக்கேற்ப இக்கணக்குச் சற்றுக் கூடிக் குறையலாம். ஆயினும் அதன் போக்கு இதுவே. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைச் சுற்றுலா சென்ற மாணவர் பலர் கேட்டறிந்திருப்பர். அங்கே அதிசயம் என்று கேட்டது வகுப்பறையில் ஒரு வகுத்தற் கணக்காக விளங்குமாயின், அப்பிள்ளைக்கு அன்று கணிதமும் விஞ்ஞானமும் புவியியலும் ஒன்றாகிவிட்டன.

வரலாற்றுப் பாடத்திற்கும் கிணற்றடியில் இடமுண்டு. அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் மன்னர்கள் பெருங்குளங்களைக் கட்டினர். முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டிற் பல குளங்களைக் கட்டியும் திருத்தியும் புகழ்பெற்றான். மன்னார்ப் பக்கத்திலே கட்டுக்கரைக்குளம் இருக்கிறது. அவ்வாறான பெருங்குளம் வலிகாமத்திலே ஏன் இல்லை? நம்மவர்க்குத் திறமை இல்லாமையாலா? அன்று. வன்னியிலும் அதற்குத் தெற்கிலும் கீழே கடும்பாறை. நிலத்திற் சாய்வு உண்டு. மறிப்பதற்கு ஆறும் உண்டு. குடாநாட்டிலோ நிலம் சமதரை, மறிப்பதற்கு ஆறில்லை, நீர் கல்லினுள்ளே இறங்கிவிடுகிறது. ஆதலால் அங்கே அணை கட்டினர். இங்கே கிணறு வெட்டினர். மன்னர் பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் மனனஞ் செய்த மாணவன் இக்கேள்வியைக் கேட்கமாட்டான். தேசப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு வரலாறு படித்தவன் கேட்பான்.

தமிழ்ப் பாடத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். கிணறு, கேணி, துரவு, ஊற்று என்று நீர்நிலைகளுக்கு நம்மிடம் வெவ்வேறு சொற்கள் உள்ளன. அவற்றின் வேறுபாட்டை அறிந்த பிள்ளைக்குக் கண்ணும் கூர்மையாகிறது. சைவசமய பாடத்தில் கீரிமலைத் தீர்த்தத்தைப் பற்றிப் படிப்பவன், திருக்குறளின் இரண்டாம் அதிகாரமே வான்சிறப்பு என்பதையும் உடன் நினைப்பானாயின் எவ்வளவு நன்று! அன்றியும், நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்கின்றனர். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையும் வெளியிட்டார். பின்னர் சுதேச மொழிகள் போதனாமொழியானபோது அரசாங்கமே கலைச்சொற்றொகுதிகளை ஆக்குவித்தது. ஒளித்தொகுப்பு, ஆவியாதல், அடர்த்தி முதலிய சொற்கள் பலருடைய உழைப்பினால் நமக்குக் கிடைத்தவை. பொருளறியாது அவற்றைப் பாடமாக்கும் பிள்ளைக்கு அவை பாரமாகும். சொல்லைப் பிரித்துப் பொருளறிபவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு குறுகிய விளக்கமாகும். கணிதத்திற் பிழைவிடும் மாணவர் பலர் கணக்குத் தெரியாமல் விடுவதில்லை. வினாவின் வசனத்தை வாசித்து விளங்காமலே விடுகின்றனர். ஆகவே கணக்குக்காகத் தமிழை ஒதுக்கும் பெற்றோர் கணக்கையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர்.

சிங்களத்திற் கிணற்றை "லிந்த" என்பர் என்று பிள்ளை வீட்டில் வந்து சொன்னால் அதையும் மகிழ்வோடு கேட்போமாக. அயலவர் தண்ணீரை எப்படிக் கேட்பார் என்று அறிவது எந்த நாட்டிலும் நல்ல தொடக்கமே.

சுகாதார பாடம் சொல்வது உயிரோடு தொடர்புடையது. கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும். இது எல்லார்க்கும் தெரியும். ஆனால் தோட்டங்களில் அளவின்றி இடும் உரத்தினாலும், மலசலகூடக் குழிகளினாலும் நீரிற் சேரும் நைத்திரேற்றுக் கொதிக்கவைப்பதனால் நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். புட்டிப்பாலை இந்நீரிற் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைக்கும் நோய் வரக்கூடும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கரைசல், செறிவு என்பவற்றை விஞ்ஞான பாடத்திற் கற்றவளுக்கே இவ்வெச்சரிக்கை முழுமையாக விளங்கும். அவள் நாளை ஒரு தாயாகவோ தாதியாகவோ தோட்டக்காரியாகவோ இருக்கப்போகிறவள்.

இறுதியாகக் குடியியல். கிணறு என் வளவில் இருக்கிறது. நீரோ எல்லார்க்கும் பொதுவான கல்லினுள் இருக்கிறது. நான் இயந்திரத்தை வைத்து இரவு பகலாக இறைத்தால் அயல்வீட்டுக் கிணறும் தாழும். உரிமைக்கும் பொறுப்புக்கும் இதைவிட நல்ல உதாரணம் எப்பாடநூலில் உண்டு? இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். நம் ஊர்களிலே சாதியின் பெயரால் ஒருசாரார் பொதுக்கிணற்றில் வாளி விடமுடியாதிருந்த காலம் இருந்தது. பிறர் அள்ளி ஊற்றும்வரை அவர்கள் காத்துநின்றனர். சாதியின் பெயரால் ஒருவருக்கு இடையூறு செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இந்நாட்டில் நிறைவேறியது. சட்டம் வந்ததும் மனங்கள் உடனே மாறிவிடவில்லை என்பதையும் பெரியோர் அறிவர். கிணற்றின் ஆழத்தை அளக்கத் தெரிந்த பிள்ளை இதனையும் அறிந்து வளர்வதே முழுமையான கல்வி.

பாடங்கள் இவ்வாறு ஒன்றையொன்று தாங்குகின்றன என்பது வெறும் பேச்சன்று. சில ஆண்டுகளுக்கு முன் எட்டாந் தர வகுப்பொன்றில் நாம் ஒரு வினாவை எழுப்பினோம். "கடலுக்கு அண்மையிலுள்ள தோட்டக் கிணற்றிற் காலையில் நன்னீர் இருக்கிறது. இயந்திரம் வைத்து இடைவிடாது இறைத்தாற் பிற்பகலில் உவர்க்கிறது. ஏன்?" அடர்த்திக்கு வரைவிலக்கணத்தைப் பிழையின்றிச் சொல்லக்கூடிய பிள்ளைகள் பலர் இருந்தனர். ஒருவரும் வாய்திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்த ஒரு மாணவன் எழுந்தான். விஞ்ஞானத்தில் முப்பது புள்ளிகளைத் தாண்டாதவன். "எங்கட தோட்டத்திலயும் அப்பிடித்தான், சேர். மிசினைக் கனநேரம் விட்டா உப்பு ஏறும். அதால அப்பா விட்டு விட்டுத்தான் இறைக்கிறவர்" என்றான்.

அவனைக் கரும்பலகைக்கு அழைத்து, கிணற்றை வெட்டிப் பார்த்தாற்போல ஒரு படம் வரையச் செய்தோம். நன்றாக வரைந்தான். நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே கோடு எங்கே வரும் என்று கேட்டோம். முன்வரிசை மாணவி ஒருத்தி விகிதத்தைக் கொண்டு அதனைக் கணித்துச் சொன்னாள். இறைக்கும்போது கிணற்றின் நேர்கீழே அக்கோடு மேடாக எழும் என்பதை இருவருமாகவே கண்டுபிடித்தனர். அவனுடைய தோட்டமும் அவளுடைய கணக்கும் சேர்ந்தே விடையாயின. அம்மாணவன் அத்தவணையில் முதற்பிள்ளை ஆகிவிடவில்லை. ஆனால் அடர்த்தி என்ற சொல் தனக்கும் உரியது என்று அவன் உணர்ந்தான். அதன்பின் வகுப்பிற் கேள்வி கேட்கத் தொடங்கினான்.

இங்கேதான் நாம் அஞ்சவேண்டிய ஒன்று உண்டு. பதினொன்று முதற் பதினான்கு வரையுள்ள வயதிலேதான் பிள்ளைகள் தம்மைப் பற்றிச் சில தீர்ப்புகளை எழுதிக்கொள்கின்றனர். "எனக்குக் கணக்கு வராது", "எனக்கு ஆங்கிலம் ஓடாது" என்பவை அத்தீர்ப்புகள். எண்ணுக்குப் பதிலாக எழுத்து வரும் அட்சரகணிதத்தின் முதற் பாடத்திலே விளங்காமற்போன ஒரு வாரம், பின்னர் நான்கு ஆண்டுகளுக்கு நீடித்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவ்வாரத்தில் வீட்டிலே "உன்ர மச்சான் தொண்ணூறு எடுத்தவன்" என்ற ஒரு சொல் விழுந்தாற் போதும்; தீர்ப்பு உறுதியாகிவிடும். ஒரு பாடத்திற் பின்னிற்கும் பிள்ளைக்கு இன்னொரு பாடமே பெரும்பாலும் கைகொடுக்கிறது. மேற்சொன்ன மாணவனுக்குச் சித்திரம் கைகொடுத்தது. அந்த வாயிலையும் அடைத்துவிட்டால் அவன் எவ்வழியால் உள்ளே வருவான்?

பெற்றோர் என்ன செய்யலாம்? பெருஞ்செலவு எதுவும் வேண்டாம். மாலையிற் பிள்ளை வந்ததும் "எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்கு முன், "இண்டைக்கு என்ன படிச்சனி? எனக்கும் ஒருக்காச் சொல்லு" என்று கேளுங்கள். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதே தனக்கு எது விளங்கவில்லை என்பதைப் பிள்ளை அறிகிறது. தாய் தந்தையர் அதிகம் படிக்காதவராயினும் பாதகமில்லை. கேட்பதற்குச் செவி போதும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் கொப்பிகளையும் புரட்டிப் பாருங்கள். சிவப்பு மையால் வெட்டப்பட்ட கணக்கைக் கண்டாற் கோபிக்காமல், எவ்வடியில் பிழைத்தது என்று பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். தோட்டத்திலும் அடுப்படியிலும் கடையிலும் நீங்கள் செய்யும் வேலையைப் பிள்ளையுடன் பேசுங்கள். ஒரு கொத்து அரிசிக்கு எத்தனை சுண்டு தண்ணீர் என்பதும் விகிதமே. பாட்டனார் துலா மிதித்த கதையும் வரலாறே. ரியூசன் வேண்டுமாயின் அனுப்புங்கள். ஆனால் விளையாட்டுக்கும் உறக்கத்துக்கும் உரிய நேரத்தை அதற்காக எடுத்துவிடாதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறோம். வரும் ஞாயிறன்று உங்கள் வீட்டுக் கிணற்றில் நீர்மட்டம் கட்டிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று, வீட்டுப் பெரியவர் ஒருவரின் துணையோடு, கயிறு விட்டு அளந்து ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். கிணறில்லாதவர் அயலவரிடம் அனுமதி கேட்டு அளக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் அவ்வாறே எழுதிவாருங்கள். மாரி தொடங்கும்போது மட்டம் எப்பொழுது ஏறுகிறது, பங்குனி சித்திரையில் எவ்வளவு தாழ்கிறது என்பதை ஆண்டு முடிவில் வரைபாக வரையுங்கள். அவ்வரைபை எப்பாட ஆசிரியரிடம் காட்டுவது என்ற ஐயம் உங்களுக்கு எழக்கூடும். எவரிடம் காட்டினாலும் அவர் தமது பாடமென்றே அதனை வாங்கிப் பார்ப்பார்.